லயத்துக் காம்பராவில் மெட்டல்: முதல் அம்ப் வாங்கப் போறவங்களுக்கு

கிட்டாருக்கு முதல் அம்ப் வாங்கப் போகிற யாரும் முதலில் கேட்கிற கேள்வி, "எத்தனை வொட்?" கடைக்காரரும் அதைத்தான் முதலில் சொல்வார். யூடியூப்பில் விமர்சனம் போடுகிற அமெரிக்காக்காரனும் அதைத்தான் சொல்வான். மடுல்கெல்ல மாதிரி ஒரு இடத்தில், லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு மெட்டல் வாசிக்க ஆசைப்படுகிற ஒருவருக்கு அந்தக் கேள்வியால் பெரிய பிரயோசனம் இல்லை என்பது என் கட்சி. நாம் கடையில் கேட்க வேண்டியது வேறு: ஆகக் குறைஞ்ச சத்தத்தில் இந்தப் பெட்டி எப்படிக் கேட்கும்?

ஏன் என்று லயத்தில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் ஒரு காம்பரா என்றால் 10 அடிக்கு 12 அடி. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். சில லயங்களில் அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே தகரம். பக்கத்துக் காம்பராவில் ஒருத்தர் இருமினால் நமக்குக் கேட்கும். அஞ்சு மணிக்கு எழும்பி, சமைச்சு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுட்டு கொழுந்தெடுக்கப் போகிற அக்கா இரவு எட்டரைக்கே படுத்துவிடுவார். இந்தப் பக்கம் ஒரு தம்பி ஓ.எல். படிக்கிறான். இதற்கு நடுவில்தான் நாம் பாம் மியூட் பழக வேண்டும். யூடியூப்காரன் வீட்டில் கார் நிறுத்துகிற கராஜ் இருக்கிறது. அங்கே 50 வொட் சின்ன அம்ப்தான். இங்கே 5 வொட்டே ஊருக்கு அறிவிப்பு.

அதற்காக நம்ம ஊர் சத்தம் தாங்காத ஊர் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டினால் மூணு நாளைக்கு மலை முழுக்கப் பாட்டு. காமன்கூத்து வந்தால் தப்பு விடிய விடிய அடிக்கும். தப்பை நெருப்பில் காட்டித் தோலைச் சூடேற்றி, சத்தம் ஏறினதும் அடிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, சத்தத்தின் தொனியைக் கையால் செய்வது என்றால் என்ன என்று யாரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் திருவிழாச் சத்தம் எல்லாருடைய சத்தம். ஒரே ரிஃபை நாப்பது தடவை தப்புத் தப்பாக வாசிக்கிற சத்தம் ஒருத்தருடைய சத்தம். பழகும் காலத்தில் அதை ஊர் மேல் சுமத்த நமக்கு உரிமை இல்லை. சுமத்தினால் இரண்டாவது வாரத்தில் வீட்டிலேயே கிட்டாரைத் தூக்கி மேலே போட்டுவிடுவார்கள், அதோடு முடிந்தது. முதல் அம்ப் பிழையாகப் போவது பெரும்பாலும் இப்படித்தான். பெட்டியில் குறை இருக்காது, அதை வாசிக்க இடம்தான் இருக்காது.

இன்னொரு பக்கம் காசு. தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது 2021இல். 2024இல் அது 1350 என்று வர்த்தமானியில் வந்தது. வெளிநாட்டுத் தளத்தில் 100 டொலர் என்று போட்டிருக்கிற ஒரு அம்ப், டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 30,000 ரூபாய். வரி, கப்பல் கூலி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் அதற்கு மேலே. வெறும் 30,000ஐ 1350ஆல் பிரித்தால் 22 பேர் வரும். பேர் என்றால் செக்ரோலில் விழுகிற பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் ஆகிவிடுகிற அதே பேர். ஒரு அம்மாவின் ஒரு மாதக் கொழுந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் "முதல்ல எதையாவது வாங்கு, பிறகு நல்லதா மாத்திக்கலாம்" என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். மாற்றுகிறதுக்கு இரண்டாவது மாதக் கொழுந்து கிடையாது.

அந்த "எதையாவது" என்பது பெரும்பாலும் கிட்டார், சின்ன அம்ப், கேபிள், பை எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கிற தொடக்கத் தொகுதி. அதில் வருகிற அம்ப் பொதுவாக 10 வொட், 6 அங்குல ஸ்பீக்கர், அதற்கும் சிறிசு. கிளீன் சத்தத்துக்கு மோசமில்லை. சினிமாப் பாட்டு, சேர்ச்சில் பாட்டு வாசிப்பவர்களுக்குப் போதும். ஓவர்டிரைவ் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் வருவது மெட்டல் இல்லை, சளி பிடித்த ரேடியோ. கண்டியில் ஒரு கடையில் நான் இதைச் சொன்னபோது, "அதுக்கு மேல ஒரு டிஸ்டோர்ஷன் பெடல் வாங்கிப் போடுங்க தங்கச்சி" என்றார்கள். அம்ப்புக்கு ஒரு மாதம், பெடலுக்கு இன்னும் பதினைந்து பேர். அந்தக் காசை முதலிலேயே சரியான பெட்டியில் போடலாமே.

சரியான பெட்டி எது என்று பார்க்க, டிஸ்டோர்ஷன் எங்கே பிறக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சத்தம் கூடினால்தான் அது வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். கிட்டாரிலிருந்து வருவது மலை மாதிரி ஏறி இறங்குகிற ஒரு அலை. அதை ஒரு சர்க்கியூட்டுக்குள் தாங்காத அளவுக்குப் பெருக்கினால், அலையின் உச்சி கூரையில் முட்டித் தட்டையாகும். கவ்வாத்து வெட்டின தேயிலை மாதிரி. அந்தத் தட்டையான உச்சிதான் நமக்குப் பிடித்த உறுமல். எவ்வளவு வெட்டுவது என்பதைக் கெயின் குமிழ் முடிவு செய்யும். வெட்டி முடித்ததை எவ்வளவு பலமாக வெளியே விடுவது என்பதை வொல்யூம் குமிழ் முடிவு செய்யும். இரண்டும் வேற வேற. நவீன மெட்டலின் உறுமல் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே, அதாவது பிரீஅம்பில் உருவாகிவிடுகிறது. அதனால் வொல்யூமைப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முழு உறுமலையும் எடுக்க முடியும்.

இங்கேதான் வால்வ் பைத்தியக்காரர்கள் குறுக்கே வருவார்கள். கண்ணாடிக் குழாய் வால்வ் இல்லாத அம்ப் அம்ப்பே இல்லை, டிரான்சிஸ்டர் எல்லாம் விளையாட்டுச் சாமான் என்பார்கள். வால்வ் அம்ப் அருமையான சாமான், மறுக்கவில்லை. ஆனால் அதன் பெருமையில் பாதி, பவர் கட்டத்தையும் பிழிந்து சத்தமாக ஓட்டும்போது வருவது. பாரம், விலை, வால்வ் மாத்துகிற செலவு எல்லாம் தனி. மெட்டலுக்கு அது கட்டாயம் என்பது சரித்திரத்திலேயே பொய். பண்டேராவின் டைம்பேக் டரல் 1990இல் 'கௌபோய்ஸ் ஃப்ரம் ஹெல்', 1992இல் 'வல்கர் டிஸ்ப்ளே ஒஃப் பவர்' இரண்டிலும் வாசித்தது ரண்டல் கம்பனியின் டிரான்சிஸ்டர் அம்ப்பில். டெத் குழுவின் சக் ஷுல்டினர் பாவித்தது மார்ஷலின் வால்வ்ஸ்டேட். பெயரில்தான் வால்வ். முன்னால் ஒரே ஒரு சின்ன வால்வ், பவர் கட்டம் முழுக்க டிரான்சிஸ்டர். சுவீடன் டெத் மெட்டலின் அந்த ரம்பச் சத்தம், என்டூம்ட் குழுவின் 1990 'லெஃப்ட் ஹாண்ட் பாத்'தில் கேட்பது, பொஸ் எச்எம்-2 என்கிற பெடலின் சத்தம். 1983இல் வந்து 1991இல் உற்பத்தி நின்றுபோன பெடல் அது. பிறகு இந்தச் சத்தத்துக்காகவே ஆட்கள் தேடித் தேடி வாங்கி, 2020இல் கம்பனியே திரும்பச் செய்ய வேண்டி வந்தது.

இதற்கெல்லாம் முன்னால் டோனி அயோமி. பர்மிங்ஹாமில் தகடு வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை. 17 வயதில், வேலையை விட்டுப் போகிற கடைசி நாளில், மெஷின் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டது. இடக்கைக்காரர் என்பதால் அது கம்பியை அமுக்குகிற கை. பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தானே விரலுக்கு உறை செய்து போட்டுக்கொண்டு, மெல்லிய கம்பி மாட்டி வாசித்தார். பிறகு சுருதியையும் இறக்கினார். 1970இல் பிளக் சபத்தின் முதல் அல்பம் வந்தது. அவர் பாவித்த லேனி அம்ப் 1967இல் அதே ஊரில் ஒரு பொடியன் செய்ய ஆரம்பித்தது. மெட்டல் பணக்காரப் பிள்ளைகளின் இசை, கொழும்பு இங்கிலீஷ் மீடியம்காரர்களின் இசை என்று கம்பஸில் என்னிடம் சொன்னவர்கள் உண்டு. கொழும்பில் ஸ்டிக்மாட்டா இருப்பது உண்மைதான். கண்டியிலிருந்தே பரனோயிட் எர்த்லிங் மாதிரி ஒரு ரொக் குழு வந்ததும் உண்மைதான். சிங்கப்பூரில் 1992இலிருந்து ருத்ரா இருக்கிறது. ஆனால் ஆதியில் இது கையில் காயத்தோடு ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களின் இசை. அதைக் கேட்க நமக்கு இருக்கிற உரிமை பற்றி வேறு யாரும் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

சரி, வொட். அந்த எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வொட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறத்தாழ பத்து மடங்கு வொட் வேண்டும். அதனால் 10 வொட்டுக்கும் 20 வொட்டுக்கும் நடுவில் கடைக்காரர் கேட்கிற மேலதிகக் காசு காதுக்குப் போய்ச் சேராது. ஸ்பீக்கரின் அளவுதான் உண்மையில் வித்தியாசம் காட்டும். கிட்டாரின் தடிச்ச ஈ கம்பி 82 ஹேர்ட்ஸ். டிரொப் சி-க்கு இறக்கினால் 65. மூணு அங்குல, நாலு அங்குல ஸ்பீக்கர் அந்த ஆழத்தைத் தள்ளாது. நெஞ்சில் குத்துகிற அந்தத் "தும்" சின்னப் பெட்டியில் வராது. எவ்வளவு விலை கொடுத்தாலும் வராது. ஆனால் சுமாரான ஒரு மூடின ஹெட்ஃபோனில் வரும்! இதனால்தான் ஹெட்ஃபோன் ஓட்டை இல்லாத அம்ப்பை இலவசமாகக் கொடுத்தாலும் லயத்துக்கு வாங்காதீர்கள் என்கிறேன். (இலவசம் என்றால் வாங்கி விற்றுவிடலாம்.)

என் வரிசை இதுதான். கையில் ஓரளவு காசு இருந்தால் மொடலிங் அம்ப். அதாவது பெரிய அம்ப்புகளின் சத்தத்தை உள்ளே கணக்குப் போட்டு உண்டாக்குகிற பெட்டி. பொஸ் கட்டானா 50 கிடைத்தால் சந்தோஷம். 12 அங்குல ஸ்பீக்கர், அதே நேரம் 0.5 வொட்டுக்கு இறக்குகிற சுவிட்ச். ஒரே பெட்டி லயத்துக்கும் ஆகும், ஹோலுக்கும் ஆகும். ஆனால் அது பலருக்கு எட்டாது. எட்டுகிற தூரத்தில் கட்டானா மினி இருக்கிறது. 7 வொட், டபிள் ஏ பட்டரி ஆறில் ஓடும். அதன் பிரவுன் சத்தத்தில் த்ராஷ் வாசிக்கலாம். பொசிட்டிவ் கிரிட்டின் ஸ்பார்க் கோ 5 வொட், சார்ஜ் போடலாம், ஃபோனில் அப் வழியாகச் சத்தம் மாற்றலாம். பட்டரியில் ஓடுவதை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்று 2022ஐ மறக்காதவர்களுக்குப் புரியும். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்கள். இப்போதும் மலையில் காற்றடித்தால் லைன் போய்விடும்.

அதற்கும் காசு இல்லையென்றால் வொக்ஸ் அம்ப்ளக். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. கிட்டாரின் ஓட்டையில் நேரே குத்தி, ஹெட்ஃபோனை மாட்டினால் முடிந்தது. அதிலேயே மெட்டல் என்று தனிவகை இருக்கிறது. இதை அம்ப் என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் படட்டும். பழகுவதற்கு, அந்தத் தொடக்கத் தொகுதி அம்ப்பை விட இது எவ்வளவோ மேல். வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் அம்ப்புக்குப் பதில் ஒரு மலிவான ஓடியோ இன்டர்ஃபேஸ் வாங்கலாம். நியூரல் அம்ப் மொடலர் இலவசம். ஃபோனில் வாசிக்கலாம் என்று சொல்வதை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். பல அண்ட்ரொய்ட் ஃபோன்களில் கம்பியைத் தட்டி ஒரு கணம் கழித்துத்தான் சத்தம் வரும். மெட்டலில் வலக்கைதான் எல்லாம். அந்தப் பிந்தலோடு பழகினால் கை பிழையாகப் பழகிவிடும்.

செக்கண்ட் ஹாண்ட் வாங்குவது கெட்டித்தனம். ஆனால் நம்ம நாட்டில் அதற்கு ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த சாமான் 100 வோல்ட். நம்ம சுவரில் 230. அம்ப்பின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் குத்தினால் புகைதான். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும், அதன் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இதில் தப்பிக்கிறது ரோலண்ட் மைக்ரோ கியூப் மாதிரிப் பெட்டிகள். 2 வொட், 5 அங்குலம், ஹெட்ஃபோன் ஓட்டை உண்டு, ஆர்-ஃபயர் என்ற அமைப்பில் நல்ல உறுமல் உண்டு. 9 வோல்ட் அடப்டரில் அல்லது பட்டரியில் ஓடுவதால், அடப்டரை மட்டும் இங்கே மாற்றினால் போதும். மாற்றும்போது முனையின் நடுப்பக்கம் நெகட்டிவா பொசிட்டிவா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, இது சத்தம் பற்றியது இல்லை, உயிர் பற்றியது. பழைய லயங்களில் வயரிங் எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஒரு லைனிலிருந்து இழுத்து இன்னொரு காம்பராவுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு. பல இடங்களில் எர்த் கிடையாது. கிட்டார் கம்பி அம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கிற உலோகம், அதை நாம் வெறுங்கையால் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மெயின் கரண்டில் ஓடுகிற அம்ப் என்றால், மூணு கால் பிளக்கின் எர்த் காலை உடைத்துக் குத்துகிற வேலை வேண்டவே வேண்டாம். கம்பியைத் தொட்டால் சுருக்கென்று கடித்தால் அன்றைக்கு வாசிக்காதீர்கள், வயரிங் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து பாருங்கள். பட்டரிப் பெட்டியை நான் தூக்கிப் பிடிப்பதற்கு இது இரண்டாவது காரணம்.

வாங்கி வந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றே. கெயின் பத்து, பேஸ் பத்து, ட்ரெபிள் பத்து, மிட் பூச்சியம். காம்பராவில் தனியாகக் கேட்டால் பிரமாதமாக இருக்கும். இன்னொருவரோடு சேர்ந்து வாசித்துப் பாருங்கள், உங்கள் கிட்டார் காணாமல் போயிருக்கும். கிட்டாரின் குரல் இருப்பது மிட்டில்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதை பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் சிம்பலும் தின்றுவிடும். மிட்டைப் பாதிக்கு மேலே வையுங்கள். கெயினை நீங்கள் விரும்புகிறதிலிருந்து கொஞ்சம் இறக்குங்கள். கெயின் அதிகமானால் பிழையெல்லாம் மறைந்துவிடும், கை பழகியதா என்று உங்களுக்கே தெரியாது. உறுமல் போதவில்லை என்று தோன்றினால் முதலில் பிக்கால் பலமாக அடித்துப் பாருங்கள். தப்பு அடிக்கிற அண்ணன்மார் கையிலிருந்துதான் எடுக்கிறார்கள், குமிழ் எதுவும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள்: "ஹெட்ஃபோன்ல மட்டும் வாசிக்கிறதுக்குப் பேரு மெட்டலா?" நியாயமான கேள்வி. மெட்டல் காற்றில் நடக்கிற இசை. ஸ்பீக்கர் காற்றைத் தள்ள வேண்டும், கம்பி அந்தக் காற்றில் திரும்ப அதிர வேண்டும், ஃபீட்பக் வர வேண்டும். ஹெட்ஃபோனில் அது கிடையாது. அதிலும் எங்களைப் போல பொம்பளப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு ஆபத்து உண்டு. ஹெட்ஃபோன் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தால் வீட்டில் "அதுலயே வாசி" என்று காலத்துக்கும் சொல்லிவிடுவார்கள். தம்பி வாசித்தால் திறமை, தங்கச்சி வாசித்தால் சத்தம். பழகும்போது யாருக்கும் தொந்தரவு இல்லாமல் பழகுவது வேறு. பழகி முடிந்த பிறகும் ஒளிந்துகொண்டு வாசிப்பது வேறு. முதலாவதுக்குத்தான் ஹெட்ஃபோன் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமை பகலில் அரை மணித்தியாலம் ஸ்பீக்கரிலேயே வாசிக்கப் போகிறேன் என்று பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாசியுங்கள். கேட்டுச் செய்தால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். பாதிப் பேர் வாசலில் வந்து நிற்பார்கள்.

ஊருக்கே கேட்கிற மாதிரி வாசிக்கிற நாள் வந்தால்? டிரம்ஸுக்கு எதிரில் 7 வொட் பெட்டி நிற்காது, உண்மை. ஆனால் அதற்காக நீங்கள் பெரிய அம்ப் வாங்கத் தேவையில்லை. பெரிய சத்தம் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவரிடம் மிக்ஸர் இருக்கிறது. மொடலிங் அம்ப்பின் ஹெட்ஃபோன் அல்லது ரெக்கோர்ட் ஓட்டையிலிருந்து ஒரு கேபிள் எடுத்து அந்த மிக்ஸரில் குத்தினால் போதும். அந்த ஓட்டையில் வருகிற சத்தத்தில் கிட்டார் ஸ்பீக்கரின் தன்மையையும் பெட்டியே கணக்குப் போட்டுச் சேர்த்திருக்கும். டிஸ்டோர்ஷன் பெடலை மட்டும் நேராக மிக்ஸரில் போட்டால் குளவிக்கூடு கலைந்த மாதிரிக் கேட்கும், அதைச் செய்ய வேண்டாம். ஸ்பீக்கர்காரரிடம் முன்னாடியே போய்ப் பேசி, ஒரு நாள் பகலில் போட்டுக் காட்டுங்கள். வொல்யூமைக் கீழேயிருந்து மெதுவாக ஏற்றுங்கள். முதல் ரிஃபிலேயே அவர் ஓடி வந்து "ஐயோ, ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சு போல" என்பார். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் வேணுமென்றே தன் அம்ப்பின் ஸ்பீக்கரைப் பிளேடால் கிழித்து வாசித்த கதையை அப்போது அவருக்குச் சொல்லுங்கள். அவருடைய ஸ்பீக்கர் பத்திரமாக இருக்கிறது என்று காட்டிவிட்டு, பிறகு சொல்லுங்கள்.